பதில் எழுத வைக்கும் மனு

(கல்லூரி ஒன்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், கல்வெட்டு, காப்பியம் என்று பேசுவது வழக்கம். என்னை மனு எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, மற்றவர்கள் எழுதிய மனுக்களைப் படித்துக் குறிப்பெழுதியே ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. அங்கிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. அதிகாரியின் மனத்தை உருக்குவதற்காக எழுதிய மனு பெரும்பாலும் தோற்கும். அவர் ஏதாவதொரு பதிலை எழுதியே ஆகவேண்டும் என்ற நிலையை உண்டாக்கும் மனு உடனே வெல்லாவிட்டாலும் சாகாது. இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

சென்னையிலிருந்து போன மனு

முதலில் நம் ஊர்க் கதை. 1852-இல் காஜுல லட்சுமிநரசு செட்டி சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயச் சட்டம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படவிருந்தது. சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பியது. வரிச்சுமை, நீதிமன்றங்களின் தாமதமும் செலவும், பாசனமும் சாலையும் கவனிப்பாரின்றிக் கிடப்பது, கல்விக்குப் பணம் ஒதுக்காதது என்று நாட்டின் குறைகள் எல்லாம் அதில் இருந்தன. 1853-இல் சட்டம் வந்தது. மனு கேட்டவற்றில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

லட்சுமிநரசு அத்தோடு விடவில்லை. அதே 1853-இல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்தபோது, அவரை உள்ளூர்ப் பகுதிகளுக்கு அழைத்துப்போய்க் குடியானவர்களின் நிலையைக் காட்டினார். 1854 ஜூலையில் லண்டனில், நாடாளுமன்றத்தில், இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நிலவரி வசூலுக்காகச் சென்னை மாகாணத்தில் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்களா, இல்லையா? வரிச்சுமை அதிகம் என்று சொன்னால் ‘ஆவன செய்யப்படும்’ என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். இந்தக் கேள்விக்கு உண்டு என்றோ இல்லை என்றோதான் பதில் சொல்ல முடியும். அதைச் சொல்லவேண்டுமானால் விசாரிக்கவேண்டும். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட ஆணையம் சென்னையில் அமைந்தது.

ஆணையத்துக்கு வந்த புகார்கள் 1,959. நேரில் வந்து சொன்னவை 519. கடிதமாக வந்தவை 1,440. 1855-இல் வெளியான அறிக்கையில் கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் தமிழ்ச் சொற்களே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. கிட்டி என்பது விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி அப்படியே கிடக்கவிடுவது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது உண்மை என்று ஆணையம் எழுதியது.

அறிக்கையில் இன்னொரு பகுதி உண்டு. அடிபட்ட குடியானவர் ஏன் கலெக்டரிடம் முறையிடவில்லை என்று ஆணையம் ஆராய்ந்தது. தூரம், செலவு, வேலை கெடுதல் எல்லாம் காரணங்கள். அவற்றோடு ஒரு பயமும் சேர்ந்திருந்தது. எழுதிப்போட்டால், அந்தக் கடிதம் வழக்கமான மேற்குறிப்போடு தாசில்தாருக்கே அனுப்பப்படும். அடித்தவரோ அந்தத் தாசில்தார், இல்லையென்றால் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். சுமார் 170 ஆண்டுகளுக்கு முந்தைய இந்த வரிகளைப் படித்தபோது, நேற்றைய தபாலைப் பிரித்ததுபோல் இருந்தது எனக்கு. 1857-இல் காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது, எடுத்துக் காட்டியவற்றில் இந்தப் பகுதியும் ஒன்று. நம் ஊர்க் குடியானவர்களின் புகார்க் கடிதங்கள் ஓர் அறிக்கைக்குள் பதிவானதால் அவ்வளவு தூரம் போயின.

ஒரு மனு போகும் வழி

இன்று திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் கையில் மனுவைக் கொடுக்கிறீர்கள். அவர் பார்த்து, உரிய அலுவலருக்கு என்று குறித்துக் கொடுக்கிறார். மனுவுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று கீழே இறங்கி, அறிக்கையாக மறுபடி மேலே ஏறுகிறது. ஆக, உங்கள் மனுவை வரிவரியாகப் படிக்கப்போகிறவர் ஆட்சியர் அல்லர். தன்பதிவேட்டில் அதைப் பதிந்து, கோப்பில் குறிப்பெழுதி மேலே வைக்கவேண்டிய உதவியாளர். அவர் மேசையில் அன்றைக்கு வந்தவை ஒரு கட்டு இருக்கும்.

அவர் தேடுவது நான்கே விஷயம். இது நம் அலுவலக வேலையா? எங்கே, எப்போது, என்ன நடந்தது? என்ன கேட்கிறார்? இதற்கு முன்பு ஏதாவது கடிதம் உண்டா? ‘பொருள்’, ‘பார்வை’ என்று கடிதத் தலைப்பில் நாம் எழுதுவது இதற்காகத்தான். பலரும் பொருள் என்ற இடத்தில் ‘கோரிக்கை மனு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பார்வையைக் காலியாக விடுகிறார்கள்.

நேரில் பார்த்தால் புரியும். நான் நிறையப் பார்த்த வகை மனு இது:

“எங்கள் ஊரில் பல ஆண்டுகளாக வாய்க்கால் ஆக்கிரமிக்கப்பட்டு விவசாயம் அழிந்து வருகிறது. பலமுறை முறையிட்டும் எந்த நடவடிக்கையும் இல்லை. குடிநீரும் ஒழுங்காக வருவதில்லை. ரேஷன் கடையில் எடை குறைகிறது. ஆகவே கருணை உள்ளம் கொண்ட தாங்கள் தலையிட்டு எங்கள் வாழ்வில் விளக்கேற்றும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உதவியாளர் எதை வைத்துக் குறிப்பெழுதுவார்? எந்த வாய்க்கால்? யார் ஆக்கிரமித்தது? பலமுறை என்றால் எப்போது, யாரிடம்? மூன்று துறைக் குறைகள் இருப்பதால் மூன்று நகல் எடுத்து மூன்று பக்கம் அனுப்புவார். அவர் வேலை முடிந்தது. உங்கள் மனுவும் முடிந்தது.

இதே குறையை இப்படி எழுதலாம். பொருள்: இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, ஏரி வரத்து வாய்க்கால், நில அளவை செய்து எல்லை காட்டக் கோருதல். பார்வை: எனது மனு, இன்ன நாள், அதன் எண். பிறகு ஐந்தாறு வரி. நில அளவைப் புலப்படத்தின்படி இந்த இடத்தில் வாய்க்காலின் அகலம் இவ்வளவு. இன்று இருப்பது இவ்வளவு. பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் இன்ன நீளத்துக்கு மண் கொட்டி மேடாக்கியிருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. சர்வேயரை அனுப்பி அளந்து எல்லைக்கல் நடவும், ஆக்கிரமிப்பு உறுதியானால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுக்கவும் வேண்டுகிறேன். இணைப்பு: புலப்பட நகல், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகல், தேதி எழுதிய இரண்டு படங்கள்.

இதில் ‘ஆக்கிரமிப்பை உடனே அகற்றுக’ என்று எங்கும் இல்லை. அகற்றுவது கடைசிப் படி. அதற்கு முன்னால் அளவை, நோட்டீஸ், விளக்கம், உத்தரவு எல்லாம் உண்டு. கடைசிப் படியை நேராகக் கேட்டால், இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிவிடலாம். முதல் படியைக் கேட்டால் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட முடியும். அந்த மேசைக்கு எது முடியுமோ அதைக் கேளுங்கள். அது நடந்தபின் அடுத்ததைக் கேளுங்கள். மற்ற இரண்டு குறைகளுக்கும் தனித்தனி மனு.

யாருக்கு எழுதுவது

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு நீங்கள் எல்லோரும் ஒரு கடிதம் படித்திருப்பீர்கள். தெருவில் மின்விளக்குகள் பழுதாகிவிட்டன, ஆவன செய்யும்படி மின்வாரிய அலுவலருக்கு எழுதுக. முழு மதிப்பெண் வாங்கித் தரும் கேள்வி. ஆனால் ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராமத்தில் பொதுச் சாலைகளுக்கு விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை. நகரத்தில் அது நகராட்சி, மாநகராட்சியின் வேலை. ஊராட்சித் தலைவருக்குப் போகவேண்டிய மனுவை மின்வாரியத்துக்கு எழுதத்தான் பள்ளியிலேயே பழகியிருக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. நகல்: மேதகு குடியரசுத் தலைவர், மாண்புமிகு பிரதமர், மாண்புமிகு முதலமைச்சர், தலைமைச் செயலாளர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை நகலும் ஒவ்வொரு அலுவலகமாக இறங்கி, கடைசியில் அதே வட்டாட்சியர் அலுவலக உதவியாளரின் மேசைக்கு வந்து சேரும். ஒரே விஷயத்துக்குப் பத்துத் தடவை பதில் எழுதவேண்டிய எரிச்சல்தான் அவருக்கு மிஞ்சும். உரியவர் ஒருவர், அவருக்கு மேலே உள்ளவர் ஒருவர். அது போதும்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் குறைதீர்க்கும் மனு கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. டில்லிக்கும் தமிழில் எழுதலாம்.

சரிபார்க்கக்கூடிய சான்று

மனுவின் உயிர் எது என்று கேட்டால் நான் கண்ணகியைத்தான் சொல்வேன். பாண்டியன் அவையில் அவள் அழுதாள், சினந்தாள். ஆனால் வழக்கை வென்றது கண்ணீர் இல்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று சொன்னாள். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொன்னான். சிலம்பு உடைந்தது; உண்மை வெளியே வந்தது. எதிரில் இருப்பவர் தன் கையில் உள்ள பொருளை வைத்தே சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும் என்பதுதான் பாடம். புலப்படமும் அ-பதிவேடும் அரசாங்கத்தின் சொந்தக் காகிதங்கள். உங்கள் மனுவில் அவற்றையே எடுத்துக் காட்டினால், மறுப்பவர் தன் பதிவேட்டையே மறுக்கவேண்டியிருக்கும்.

சட்டத் துறையில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சுனில் பத்ரா வழக்கு. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் தண்டனையைப் பற்றியோ, இந்தியச் சிறைகளின் சீர்கேட்டைப் பற்றியோ அவர் எழுதவில்லை. இன்னொரு கைதியை, அவரைப் பார்க்க வந்த உறவினரிடமிருந்து பணம் பறிப்பதற்காக, ஒரு தலைமை வார்டர் கொடூரமாகத் தாக்கினார் என்று எழுதினார். ஓர் ஆள், ஒரு சம்பவம். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்தது. 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த ஒரு சம்பவத்திலிருந்து கிளம்பி, கைதிகளின் உரிமை முழுவதையும் பேசியது. பெரிய தீர்ப்பு வேண்டும் என்பதற்காகப் பெரிய புகார் எழுதவேண்டியதில்லை.

தொனி

மனு எழுதித் தருபவர்கள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் இரண்டு தொனிகள் உண்டு. ஒன்று, காலில் விழுவது. மற்றொன்று, தீக்குளிப்பேன் என்று மிரட்டுவது. இரண்டிலும் கோரிக்கை ஒளிந்துபோகிறது. முதல் வகையைப் படிப்பவர் தன்னை வள்ளல் என்று நினைத்துக்கொள்வார். இரண்டாவது வகை காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 1961-இல் தொடங்கிய நாளிலிருந்து கடிதம் எழுதியே இயங்கிய அமைப்பு. சர்வாதிகாரிகளுக்கு எழுதும்போதுகூட மரியாதையாக, சுருக்கமாக, பெயரும் தேதியும் சொல்லி எழுதுங்கள் என்பதே அவர்கள் தொண்டர்களுக்குத் தந்த அறிவுரை. 1973-இல் பிரேசில் ராணுவ ஆட்சி லூயிஸ் பாசிலியோ ரோசி என்ற பேராசிரியரைக் கைதுசெய்தபோது அவர்களுடைய முதல் அவசரக் கடித இயக்கம் நடந்தது. தன் விவரம் வெளியே தெரிந்துவிட்டது என்று அறிந்தபோதே இனித் தன்னைக் கொல்ல முடியாது என்று புரிந்ததாக ரோசி பின்னாளில் சொன்னார். அந்தக் கடிதங்களின் பலம், அதிகாரத்தில் இருப்பவருக்கு ‘நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று தெரியவைத்ததில் இருந்தது. அதற்கு வசைமொழி தேவைப்படவில்லை.

கையெழுத்தும் கணக்கும்

ஊரே சேர்ந்து கொடுக்கும் மனுவுக்குத் தனி பலம் உண்டு. ஆனால் எண்ணிக்கை மயக்கம் ஆபத்தானது. இங்கிலாந்தில் உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகள் 1848 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு ஒரு மாபெரும் மனு கொண்டுபோனார்கள். ஐம்பத்தேழு லட்சம் கையெழுத்து என்று அவர்களுடைய தலைவர் ஓ’கானர் அறிவித்தார். எழுத்தர்கள் உட்கார்ந்து எண்ணியபோது இருந்தவை 19,75,496. அதிலும் விக்டோரியா மகாராணி பெயரிலும் வெலிங்டன் பிரபு பெயரிலும் போட்ட கள்ளக் கையெழுத்துகள். பத்தொன்பது லட்சம் என்பதே மலைக்கவைக்கும் எண்ணிக்கைதான். ஆனால் நாடு முழுவதும் கேட்டது சிரிப்புச் சத்தம்; கோரிக்கையைப் பற்றிப் பேச யாரும் இல்லை. போலிக் கையெழுத்து ஒன்று நிஜக் கையெழுத்து ஆயிரத்தைக் கெடுக்கும்.

அதனால் முழுப்பெயர், தெரு, கையெழுத்து மூன்றும் இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கோரிக்கை எழுதிய தாளிலேயே கையெழுத்துகள் தொடங்கட்டும். வெற்றுத் தாளில் வாங்கி இணைத்தால் எதற்காகப் போட்டோம் என்று நாளை ஒருவர் பின்வாங்குவார். ஒரே அச்சில் ஐந்நூறு கடிதம் போனால் அலுவலகத்தில் அதை ஒரு கடிதமாகத்தான் கணக்கிடுவார்கள். அவரவர் பாதிப்பை அவரவர் எழுதிய பத்துக் கடிதங்களைப் பத்தாகவே படித்தாகவேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானமாக நிறைவேற்றிப் புத்தகத்தில் பதிந்து, அதன் நகலை இணைத்தால், அது தனியாள் புகார் என்று யாரும் ஒதுக்க முடியாது.

கொடுத்த பிறகு

மனு கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் அனுப்புங்கள். ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். காரணம் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளில் பதில் வரவேண்டும். ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்டு வாதாடாதீர்கள். என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் வந்தது, அவரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர் எழுதிய குறிப்பின் நகல் தருக என்று கேளுங்கள். இவை எல்லாம் பதிவேட்டில் இருப்பவை. இந்தக் கேள்வி வந்ததும் தூங்கும் கோப்பு எழுந்து நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானே அவசர அவசரமாகக் குறிப்பெழுதியிருக்கிறேன்.

மறுப்பு வந்தாலும் சோர்ந்துபோகாதீர்கள். ‘நிதி ஒதுக்கீடு கிடைத்தவுடன் பரிசீலிக்கப்படும்’ என்று எழுத்தில் வந்தால், கோரிக்கை நியாயமானது, குறை பணத்தில்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகும். அந்தப் பதிலின் கடித எண்ணை அடுத்த மனுவின் ‘பார்வை’யில் முதல் வரியாக எழுதுங்கள். ஒதுக்கீடு கேட்டு மேலே கடிதம் போயிற்றா, போயிருந்தால் நகல் தருக என்பது அடுத்த கேள்வி. ‘மனு ஏற்புடையதல்ல’ என்று ஒரே வரியில் வந்தால் காரணம் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தன் முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது.

எழுத்துக்கும் எல்லை உண்டு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நேர்மையல்ல. 2017 அக்டோபரில், ஒரு திங்கள்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். பலமுறை மனு கொடுத்தும் பயனில்லை என்று செய்திகள் கூறின. கந்துவட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தத் தம்பதியர் மனுவை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாமே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மோசமாக எழுதிய மனுவுக்குள்ளும் இருக்கும் உயிர்ப் பிரச்சினையைக் கண்டுகொள்வது அரசு ஊழியரின் வேலை. 1855-இல் ஆணையம் குறித்த அந்தப் பழைய மேற்குறிப்பு, குற்றம் சாட்டப்பட்டவரிடமே புகாரை அனுப்பும் வழக்கம், இன்னும் ஒழியவில்லை. அதை ஒழிப்பது ஆட்சியாளர்களின் பொறுப்பு. அதுவரை மனுதாரர் செய்யக்கூடியது, ‘என் புகார் இன்ன அலுவலர் மீது, ஆகவே விசாரணையை அவருக்கு மேலுள்ளவரிடம் ஒப்படைக்கவும்’ என்று மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுவது. அந்த ஒரு வரி கோப்பில் இருந்தால், கீழே அனுப்புகிறவர் தெரிந்தே அனுப்பினார் என்பதற்குச் சாட்சி இருக்கும்.

இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஒவ்வொரு துறை மாணவர்களும் சுற்றுவட்டாரத்தில் ஓர் ஊரின் ஒரு குறையை எடுத்துக்கொள்ளட்டும். ஊராருடன் உட்கார்ந்து ஆவணம் திரட்டி, மனு எழுதி, பதில் வரும்வரை தொடரட்டும். மதிப்பெண்ணை மனுவின் நடைக்குக் கொடுக்காதீர்கள். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று கண்டறிந்து எழுதுவதற்குக் கொடுங்கள். மனு, பதில், மறுமனு, உத்தரவு அத்தனையையும் கட்டி நூலகத்தில் வையுங்கள். அந்த 1,440 கடிதங்களும் பதிவானதால்தான் கிட்டியும் அண்ணாந்தாளும் இன்று வரலாற்று மாணவர்களுக்குச் சான்றாகியிருக்கின்றன. நம் காலத்துக் குறைகளுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். முதல் மனுவுக்குக் குறிப்பெழுதும் உதவியாளரின் கண்ணோடு படித்துத் திருத்தித் தர நான் வருகிறேன்.